நடுவில் நிற்கும் ஊசி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை நம் வீட்டுக் கூடத்தில் கூடிய பேரவை, நீண்ட விவாதத்துக்குப் பின், மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரில், ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எரியும் மஞ்சள் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது என்று தீர்மானித்தது. உன் அத்தான் முன்மொழிந்தார். வண்டிக்கு வைத்தியம் பார்க்கும் லேப்டாப்காரர் வழிமொழிந்தார். நான் எதிர்த்தேன். பெரும்பான்மை வென்றது. டேப்பை எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு நீடித்தது. விளக்கு மறைய வேண்டும், பக்கத்தில் இருக்கும் டீசல் முள் மறையக் கூடாது. கடைசியில் என் தையல் கத்தரியால் வெட்டி, உன் அத்தான் தம் கையாலேயே ஒட்டினார். கைதட்டல் ஒன்றுதான் பாக்கி.

அந்த விளக்கு, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்று சொல்லும் விளக்கு. தண்ணீரோ குறையவில்லை, பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தொட்டி நிறைய இருக்கிறது. எனவே தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் சென்சார் பழுது என்று மாற்றினோம். விளக்கு எரிந்தது. புது சென்சாரும் பழுது என்று அதையும் மாற்றினோம். எரிந்தது. லேப்டாப்காரர் வந்து ஒயரைச் செருகி, கோளாற்றை அழித்துவிட்டு, "முடிஞ்சுதுக்கா" என்பார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் விளக்கு திரும்பிவிடும்.

பேரவையின் இரண்டாவது தீர்மானம் என்னுடையது, எதிர்ப்பின்றி நிறைவேறியது. இனி உன்னோடு போனில் பேசுவதில்லை. பழைய இயந்திரங்களை விற்கும் பெரிய முற்றத்தில் வேலை பார்க்கிறாய், எங்களுக்கென்று நீயே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றினாய், எல்லாம் சரி. ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் "சரிக்கா, சரிக்கா, லைன் சரியில்லக்கா" என்று போய்விடுகிறாய். கடிதத்தில் லைன் அறுவதில்லை. நீயும் போன் செய்யாதே. எடுக்க மாட்டோம்.

இந்த வீட்டில் சம்பாதிப்பது அந்த வண்டி ஒன்றுதான். உன் அத்தான் அதன் ஓட்டுநர், நான் அதன் காரியதரிசி. இதை மறந்துவிடாதே. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வரும்வரை நன்றாகத்தான் இருந்தேன். டேப்பா? என்ன அநியாயம் இது! வயிற்று வலி என்று அழும் குழந்தையின் வாயில் துணி வைத்து அடைப்பீர்களா?

சென்சார் என்பது சாட்சி. சாட்சி சொன்னது பிடிக்கவில்லை என்று ஆளை மாற்றினீர்கள், அடுத்த ஆளும் அதையே சொன்னான், அவனையும் மாற்றினீர்கள். மூன்றாமவனும் அதையே சொன்னதும் வாயைக் கட்டிவிட்டீர்கள். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றுவதற்குப் பரிசோதனை என்று பெயரில்லை, பிரார்த்தனை என்று பெயர். விளக்கின் வாயைக் கட்டுகிறவனுக்கு இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலை கிடையாது என்பது என் கட்சி.

வெள்ளைத் தொட்டி ரேடியேட்டர் ஆகாது. மூடியின் ரப்பர் கெட்டிருந்தால், சூட்டில் தொட்டிக்குப் போன தண்ணீர் திரும்ப ரேடியேட்டருக்கு வராது. தொட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காய்ந்திருக்கும். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சொல். விரல் நனைந்தால் சென்சாரையும் ஒயரையும் மீட்டர் வைத்து அளக்கட்டும். நனையாவிட்டால் விளக்கிடம் மன்னிப்புக் கேட்கட்டும். விளக்கு பொய் சொல்கிறது என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இரண்டாவது சாட்சி வேண்டும்.

நான் அனுப்பியது முன்வரிசையில் மூன்றாவதாக நின்ற வண்டி. அதன் ரேடியேட்டரை நானே கழுவினேன். அது வீணாக விளக்குப் போடாது.

அத்தானுக்கு என் வணக்கம். டேப்பை எடுக்கச் சொல்.

உன் தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். விரல் விடும் இடம் வந்ததும் உன் அத்தான் தட்டை நகர்த்திவிட்டார். "மூடியத் தெறந்து வெரல விட்டுப் பாக்கணுமா? கொழந்தைக்கு வெந்நீர் பதம் பாக்குறேனா நான்? கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு எனக்கு வெரலு சொல்லித் தர்றான் உன் தம்பி!"

ஆனால் இரண்டாவது சாட்சி என்ற யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. கைவசம் ஒன்று இருக்கிறதாம். இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி. "தண்ணி கொறஞ்சா சூடு ஏறணும்ல? ஊசி நடுவுலயே நிக்குது. அப்ப சூடு ஏறல. சூடு ஏறலன்னா தண்ணி கொறயல. வெளக்குதான் பொய்யி. எழுது உன் தம்பிக்கு." எழுதிவிட்டேன். இந்தத் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இப்போது மலைமேல் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டுகிறோம். பாதிக்குக் கீழே வெறும் பாறை. வெயிலில் பாறையை உடைக்கும்போதும் ஊசி நடுவில். மழையில் சும்மா நிற்கும்போதும் நடுவில். இவ்வளவு நிதானமான ஒருவரை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. உன் அத்தான் இறங்கும்போது அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்குகிறார்.

கழுவினாய் என்றாயே, உள்ளே கொஞ்சம் கண்ணை ஓட்டியிருக்கலாம். இடது கைப்பிடியில் யாரோ சிகரெட்டை அணைத்திருக்கிறான், வட்டமாகக் கருகியிருக்கிறது. கதவுக் கண்ணாடியில் ஒரு மான் ஸ்டிக்கர், ஒரு கொம்பு இல்லாமல். கிழிக்கலாமா என்றேன். "இருக்கட்டும், பேச்சுத்துணைக்கு" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 3

மச்சானுக்கு,

நான் எழுதி நீ பாத்திருக்க மாட்ட. உன் அக்கா தபால்காரர மொறைக்கிற மொறைப்புல அவரு இப்பல்லாம் எதிர்ப்பக்கமாவே போறாரு. உனக்குக் கோபமா? வெரலு பத்தி நான் சொன்னத அவ அப்படியே எழுதியிருப்பா, தெரியும். மனசுல வச்சுக்காத.

வண்டி நல்லா ஓடுது. கொஞ்சம் டீசல் கூடக் குடிக்குது, மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் மூச்சு வாங்குது, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். ஊசி நடுவுலதான். நீ பாத்து அனுப்புன வண்டின்னு சைட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். மச்சான் இருந்தா இப்படி இருக்கணும்னு இன்ஜினியரே சொன்னாரு.

ரெண்டு வரி போடு. இவ முகத்தப் பாக்க முடியல.

அத்தான்

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

இதற்கு மட்டும் பதில் எழுது. கைப்பிடியில் கருகிய வட்டம் சட்டைப் பொத்தான் அளவு இருக்குமா? மானுக்கு இல்லாத கொம்பு இடது கொம்பா? காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பினால் சூட்டு ஊசி எங்கே நிற்கிறது?

அத்தானைப் பாறையில் மெதுவாக வேலை செய்யச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திறந்ததும் மானின் கொம்பை விசாரிக்கிறாய். பரவாயில்லை, பேரவை உன் கேள்விகளை ஏற்றுக்கொண்டது.

பொத்தான் அளவுதான். இடது கொம்புதான்.

ஊசியைப் பார்க்க நானே விடியற்காலையில் சைட்டுக்குப் போனேன். முந்தின நாள் விடுமுறை. வண்டி பகலும் இரவும் மலைக்குளிரில் நின்றிருந்தது. இரும்பைத் தொட்டால் கை விறைத்தது. உன் அத்தான் சாவியை மட்டும் திருப்பினார். ஊசி எழுந்து நேராக நடுவில் போய் நின்றது.

"பாத்தியா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ரெடியா இருக்கு!" என்றார்.

"ராத்திரியெல்லாம் குளுருல கெடந்த இன்ஜின் எப்படிங்க சூடா இருக்கும்?" என்றேன்.

"நல்ல இன்ஜின்" என்றார்.

லேப்டாப்காரரைக் கூப்பிட்டேன். ஒயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சூடு சரியா இருக்குக்கா, எண்பத்திரண்டு டிகிரி" என்றார். அவர் வாயிலிருந்து குளிரில் புகை வந்துகொண்டிருந்தது.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. நீ தேர்ந்தெடுத்த வண்டி, உள்ளே மான் இருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஏன் கேட்டாய்? தெரியாது என்றால் கொம்பு இடதா என்று எப்படிக் கேட்டாய்?

உன் அத்தான் உன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே வண்டியை நிறுத்தச் சொல்.

உங்களுக்கு வந்திருப்பது முன்வரிசை மூன்றாவது வண்டி இல்லை. கப்பலேற்றும்போது மாற்றியிருக்கிறார்கள். முதலாளியிடம் கேட்டேன். "மஞ்சளுக்கு மஞ்சள்தானப்பா, எல்லாம் மண்ணுதான தோண்டுது" என்றார். இது பின்வரிசை வண்டி. அதன் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது. கழுவுவதென்றால் கழற்ற வேண்டும், நாளாகும். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு இங்கே வேறொன்று செய்வதுண்டு. சூட்டு சென்சார் ஒயரில், கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுப்பு உறைக்கு உள்ளே, டேப் சுற்றிய இடம் ஒன்று இருக்கும். கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அதைப் பிரித்தால் அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர். அது இருக்கும்வரை இன்ஜின் கொதித்தாலும் உறைந்தாலும் கம்ப்யூட்டருக்கு எண்பத்திரண்டு டிகிரிதான். எச்சரிக்கையும் வராது, தானாக வேகம் குறைக்கவும் செய்யாது. அதை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை நேராகச் சேர்க்கச் சொல். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். மூடியை மாற்றுங்கள்.

டேப் ஒட்டிய விளக்கு ஆரம்பத்திலிருந்தே உண்மைதான் சொல்லியிருக்கிறது.

அத்தானிடம் பக்குவமாகச் சொல்.

உன் தம்பி

மே 30

தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் இன்ஜின் போய்விட்டது.

பாறையில் இருந்தார். முதலில் வாசனை, பிறகு ஆவி, பிறகு உள்ளே சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். உன் அத்தான் அந்த நிலையிலும் ஊசியைத்தான் பார்த்திருக்கிறார். நடுவில் நின்றிருக்கிறது. "ஊசி சரியா இருக்குடி, அதான் வேற என்னமோன்னு நெனச்சுத் தெறந்தேன்" என்கிறார். இன்ஜின் மேல்மூடியைத் தூக்கியபோது ரேடியேட்டர் ஹோஸ் பிய்த்துக்கொண்டு வலது கையில் அடித்தது. முழங்கைவரை கட்டு. ஊசியை நம்பியதால் வெந்த கை அது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்கிறது. லேப்டாப்காரரும் வந்தார், ஒயரைச் செருகினார், "கோளாறு ஒண்ணும் காட்டலக்கா" என்றார். மெக்கானிக் அவரை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அவர் லேப்டாப்பைச் சுமந்துகொண்டு நடந்தே போய்விட்டார்.

மறுநாள் உன் கடிதம். படித்துக் காட்டினேன். நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன ஒரு சாணில், நீ சொன்ன தடிப்பில் டேப் இருந்தது. உன் அத்தானுக்கு ஒரே வியப்பு. "கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு ஒயருக்குள்ள இருக்கறதச் சொல்றான் பாரு, இவனுக்கு என்ன கண்ணுடி!" என்றார். கை வலியிலும் சிரித்தார். நான் வியக்கவில்லை. டேப்பைப் பிரித்தது நான்தான். பிரிக்க நகம் வேண்டியிருக்கவில்லை. கடைசிச் சுற்றின் நுனி ஒரு விரற்கடை மடித்து விடப்பட்டிருந்தது.

நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒயரில் அப்படித்தான் இருக்கிறது. பழைய ரேடியோவில், மேசை விளக்கில், என் குடைக் கம்பியில். "அடுத்து பிரிக்கிறவன் நுனியத் தேடக் கூடாதுல்லக்கா" என்பாய். உலகத்தில் எல்லாரும் டேப்பை அறுத்து அமுக்கிவிடுகிறார்கள். அடுத்துப் பிரிக்கிறவனை நினைத்து நுனி மடிக்கிற ஒரே ஆளை நான் அறிவேன். அந்த அக்கறையில் ரேடியேட்டருக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

"செய்வதுண்டு" என்று எழுதுகிறாய். யார் செய்வதுண்டு? மழையா?

விளக்கின் வாயைக் கட்டுகிறவனுக்கு இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலை கிடையாது என்று எழுதினாய். அந்தக் கடிதம் என் கண் முன்னால் இருக்கிறது. நாங்கள் விளக்கைக் கட்டினோம், தெரியாத்தனம். கட்டியதும் எல்லாருக்கும் தெரியும்படி மேலேயே கட்டினோம். நீ உறைக்குள்ளே கட்டினாய்.

இதையும் நான் ஆறப் போட்டிருப்பேன். ஆனால் மானைப் பற்றி மார்ச்சிலேயே எழுதினேன். படித்த அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது. போன் என்று ஒரு கருவி இருக்கிறது. பேரவை போன் கூடாது என்று தீர்மானித்தது உண்மைதான். இந்தக் குடும்பத்தில் என் தீர்மானம் ஒன்றை இவ்வளவு மரியாதையோடு கடைப்பிடித்த ஒரே ஆள் நீ. போனில் "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று உடனே கேட்பேன் என்றுதானே?

உன் அத்தானிடம் நுனியைப் பற்றிச் சொல்லவில்லை. டேப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்வரிசை வண்டிகள் எங்கே போகும் என்று மட்டும் எழுது. என் உடம்பை விசாரிக்க வேண்டாம்.

அக்கா

ஜூன் 21

மச்சானுக்கு,

இடது கையால எழுதுறேன், எழுத்து அப்படித்தான் இருக்கும். தோல் வளருது. கவலப்படாத.

உன் அக்கா உனக்கு எழுத மாட்டேங்கிறா. கேட்டா, "அவன் எழுதட்டும்"ங்கிறா. நீ நேரத்துக்கு எழுதியும் தபால் ஒரு நாள் லேட்டானதுக்கு உன் மேல என்ன தப்பு? எனக்கே அவ மேல கோபம் வருது.

சைட்டுல வேற வண்டி கொண்டாந்து விட்டுட்டாங்க. நம்ம வண்டி ஓரமா நிக்குது. பக்கெட்டுல மழைத்தண்ணி நிக்குது.

உன்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ரெசிஸ்டர வச்சவன் உங்க முற்றத்துலதான இருப்பான்? கண்டுபிடிச்சியா? கண்டுபிடிச்சா சட்டையப் புடிச்சு, எங்க அத்தான் குடுக்கச் சொன்னார்னு எனக்காக ஒண்ணு குடு. உனக்குக் கை கூசும், தெரியும். இருந்தாலும் குடு.

அத்தான்

ஜூலை 16

அக்காவுக்கு,

பின்வரிசை வண்டிகள் எங்களை யாருக்கும் தெரியாத ஊர்களுக்குப் போகும். அப்படித்தான் முதலாளி பிரித்து வைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்து வேலை செய்தேன்.

சென்ற மாதக் கடைசியில் வண்டி வாங்க ஆட்கள் வந்தார்கள். அன்று காலை அவர்கள் வருவதற்கு முன் பின்வரிசை முழுவதும் போய், வைத்ததையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டேன். நுனி மடித்திருந்ததால் நேரம் ஆகவில்லை. அவர்கள் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். வேலை கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு வண்டியிலும் ஊசி சிவப்புக்குப் போயிற்று. எச்சரிக்கை மணி அடித்தது. வந்தவர்களில் ஒருவர், "என்னய்யா, எல்லாத்துக்கும் ஒரே காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று அக்கறையாகக் கேட்டார். இப்போது என்னைக் கழுவும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். காலையில் வண்டிகளின் மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். வெளிப்பக்கம் மட்டும்.

உங்கள் வண்டிக்கு ஒரு சிலிண்டர் ஹெட்டும் ஒரு ரேடியேட்டரும் கப்பலேறியிருக்கின்றன. இரண்டையும் தண்ணீர் ஊற்றி, அழுத்தம் கொடுத்து நானே சோதித்தேன். மூடியும் புதிது. ஆனாலும் மெக்கானிக்கை மறுபடி சோதிக்கச் சொல். நான் சொன்னேன் என்பதற்காக விட வேண்டாம்.

அத்தானிடம், அவர் கேட்ட ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல். யார் என்பதை நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்வேன். எடுங்கள்.

தம்பி

பி.கு. என் இடத்துக்குப் புதிய ஆள் வந்திருக்கிறார். பின்வரிசை முழுவதையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டார். அவர் டேப்பின் நுனியை மடிப்பதில்லை.